இரண்டு நிமிடத்தில் ஒரு நெடுநாள் நோய்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இந்த எண்கள் பெரிதாகப் பேசப்பட்டன. இத்தனை பேருக்கும் எந்த அறையில், எவர், எவ்வளவு நேரம் செலவிட்டு மருத்துவம் பார்ப்பார்கள் என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

வயது வந்தபின் தோன்றும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு உரிய இடம் பெருமருத்துவமனை அன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிகள் பிரிவே. நோயாளி அங்கே மாதந்தோறும் வருகிறார், ஆண்டுக்கணக்கில் வருகிறார். ஆனால் 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த நேரத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கலாம், பழைய மாத்திரையையே மீண்டும் எழுதலாம். இரத்த அழுத்தம், கால், கண், சிறுநீரில் கசியும் புரதம், தாழ்சர்க்கரை மயக்கம் வந்ததா என்ற விசாரிப்பு ஆகிய யாவும் அடுத்த முறைக்குத் தள்ளிப்போகின்றன. அடுத்த முறையும் அதே இரண்டு நிமிடந்தான்.

நீரிழிவு மருத்துவத்தை ஓர் எண்ணாகச் சுருக்கியதே இதன் அடிப்படைப் பிழை. பிரிட்டனில் இருபது ஆண்டுகள் நடந்து 1998இல் வெளியான பெரும் ஆய்வு, சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகப் பாதிப்புகள் குறையும் என்று காட்டியது. அதே ஆய்வின் மற்றொரு பகுதி, இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடையே நீரிழிவு சார்ந்த மரணங்கள் 32 விழுக்காடு குறைந்ததையும் காட்டியது. முதற்செய்தி ஊரெங்கும் பரவியது. இரண்டாவது செய்தி பல புறநோயாளிச் சீட்டுகளை இன்னும் எட்டவில்லை. 2008இல் வட அமெரிக்க ஆய்வொன்று, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அளவை 6 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க முனைந்த பிரிவில் மரணங்கள் கூடியதால் அந்தச் சிகிச்சையையே இடையில் நிறுத்த நேர்ந்தது. எனவே ஒருவருக்கு உகந்த இலக்கு மற்றொருவருக்கு ஆபத்தாகலாம். யாருக்கு எது உகந்தது என்பதை நோயாளியை அறிந்த ஒருவரே தீர்மானிக்க முடியும்.

இந்தியச் சூழல் இதை மேலும் சிக்கலாக்குகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி அளவை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அதை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டினால் மயக்கத்தில் முடியலாம். மெட்ஃபார்மின் மலிவான, நல்ல மருந்து. ஆனால் நெடுங்காலம் உட்கொண்டால் உடலில் வைட்டமின் பி12 குறையக்கூடும். புலால் உண்ணாதவருக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். அக்குறைவால் வரும் கால் எரிச்சலும் மரத்துப்போதலும் நீரிழிவின் நரம்புப் பாதிப்பைப் போலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறியக் கேள்வி கேட்க வேண்டும். கேட்க நேரம் வேண்டும்.

பொறுப்பை நோயாளியின் நாவின்மேல் சுமத்துவது எளிது. ‘அரிசியைக் குறையுங்கள்’ என்று சீட்டில் எழுதுகிறது ஓர் அரசுத் துறை. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் வழங்குகிறது மற்றொரு துறை. அந்தத் தானியம் பெரும்பாலும் அரிசியும் கோதுமையுமே. பருப்பும் காய்கறியும் வாங்க வழியற்ற வீட்டில் அந்த அறிவுரைக்குப் பொருளில்லை. பசியைப் போக்கும் கொள்கையும் நோயைத் தடுக்கும் கொள்கையும் ஒரே தட்டில் சந்திக்கின்றன என்பதைத் திட்டமிடுவோர்தாம் முதலில் உணர வேண்டும்.

அதைவிடக் கூர்மையான முரண் காப்பீட்டில் இருக்கிறது. 2018இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்வரை அளிக்கிறது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே அது பொருந்தும். அழுகிய காலை அகற்றப் பணம் கிடைக்கும். அந்தக் கால் அழுகாமலிருக்கத் தனியார் மருத்துவரிடம் மாதந்தோறும் செல்பவர் தம் பையிலிருந்தே கொடுக்க வேண்டும். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நோயுற்றோர் பெற்ற சிகிச்சைகளில் அரசு மருத்துவமனைகளில் நடந்தவை ஏறத்தாழ 30 விழுக்காடே. அப்படியானால் பெரும்பான்மையோருக்கு நீரிழிவு என்பது முடிவில்லாத மாதச் செலவு. கையில் பணம் குறையும் மாதத்தில் முதலில் நிற்பது, வலி தராத இந்த நோயின் மாத்திரைதான்.

மருத்துவர்கள் போதாத நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2017இன் இறுதியில் ஐந்து மாநிலங்களில் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, எளிய ஒரே மருந்துமுறை, 30 நாள் மாத்திரை, செவிலியர் பங்கேற்பு, ஒவ்வொரு நோயாளிக்கும் தொடர்பதிவு ஆகியவற்றைக் கொண்டே நகர்ந்தது. நீரிழிவுக்கும் அதுவே வழி. மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் உணர்வைச் சோதிக்க மருத்துவர் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் சில நிமிடங்களில் செய்துவிடலாம். வராத நோயாளியைத் தொலைபேசியில் அழைக்கப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

மாற வேண்டியது கணக்கு. எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்று அறிக்கைகள் பெருமையோடு கூறுகின்றன. அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் சிகிச்சையில் தொடர்கிறார்கள், எத்தனை பேரின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, எத்தனை பேரின் கால்களை ஒருவராவது காலணி கழற்றச் சொல்லிப் பார்த்தார் என்பவையே கேட்கப்பட வேண்டிய எண்கள். நோயைக் கண்டுபிடித்துவிட்டு நோயாளியைத் தொலைத்துவிடும் திட்டத்தை வெற்றி என்று அழைக்க இயலாது.