லேசர் பிரிண்டர் செலவு வைக்கும் என்பது எந்தக் கணக்கில்?

வீட்டுக்கோ சின்ன டியூஷன் சென்டருக்கோ பிரிண்டர் வாங்கப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. "லேசர் எல்லாம் ஆபீசுக்குங்க. இங்க் டேங்க் வாங்கிப் போடுங்க, பக்கத்துக்குப் பத்து பைசாதான் ஆகும்." கடைக்காரரும் இதையே சொல்கிறார், ஏற்கெனவே வாங்கிவைத்திருக்கும் மாமாவும் இதையே சொல்கிறார். இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. நூற்றுச் சொச்சம் பக்கத்தில் தீர்ந்துபோகும் சின்ன இங்க் கார்ட்ரிட்ஜுக்கு நூற்றுக்கணக்கில் பணம் கட்டிச் சலித்துப்போனவர்கள், வெளியே தொட்டி வைத்து, குழாய் விட்டுத் தாங்களே மை ஊற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் 2010இல் எப்சன் இந்தோனேசியாவில் தொட்டியோடு கூடிய பிரிண்டரை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது மக்களுக்குக் கிடைத்த உண்மையான விடுதலை. மறுக்க மாட்டேன்.

நான் மறுப்பது, எல்லாருக்கும் அதுவே மலிவு என்று முடிவு கட்டுவதை. வினாத்தாள் அடிக்கும் ஆசிரியர், மனு அடிக்கும் வக்கீல் குமாஸ்தா, ரசீதும் விண்ணப்பமும் எடுக்கும் சின்ன வியாபாரி ஆகியோருக்கு வேண்டியது கறுப்பு எழுத்து மட்டும்தான். அதுவும் ஒரு வாரம் இருநூறு பக்கம், அடுத்த மூன்று வாரம் ஒன்றுமில்லை என்ற கணக்கில் ஓடும். இவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

பத்து பைசாவிலிருந்தே தொடங்குவோம். 65 மில்லி கறுப்பு மை பாட்டிலில் 4,500 பக்கம் வரும் என்று போட்டிருக்கும். பாட்டில் விலையை அதால் வகுத்தால் பத்து பைசாவை ஒட்டித்தான் வருகிறது. வகுத்ததில் பிழையில்லை. ஆனால் அந்த 4,500 என்பது நிறுத்தாமல் அச்சிட்டுக்கொண்டே போனால் வரும் எண். புது மெஷினில் முதல்முறை குழாய்களையும் மை தெளிக்கும் ஹெட்டையும் நிரப்பும் மை அதில் சேராது. பத்து நாள் சும்மா இருந்த மெஷின் தன்னைத்தானே கழுவிக்கொள்ளச் செலவிடும் மையும் சேராது. எப்போதாவது அச்சிடுபவருக்கு இந்தக் கழுவலே பெரிய செலவு.

அதைவிட முக்கியமாக, அந்தக் கணக்கில் தாளே இல்லை. ஐந்நூறு தாள் கட்டு 275 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு தாள் 55 பைசா. மையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல்! பத்து பைசாவைப் பற்றி அவ்வளவு பேசும் நாம் இந்த ஐம்பத்தைந்து பைசாவைப் பேசுவதே இல்லை. தானாகவே இரண்டு பக்கமும் அச்சிடும் வசதி இருந்தால் தாள் செலவு பாதியாகிவிடும். குறைந்த விலை இங்க் டேங்க் மாடல்களில் பெரும்பாலும் அது கிடையாது. ஒரு பக்கம் அடித்து, தாளைத் திருப்பி வைத்து மறுபக்கம் அடிக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு வினாத்தாள் எடுப்பவர் அதைச் செய்வதில்லை, ஒருபக்கமாகவே அடித்துவிடுகிறார். லேசரிலோ பிரதர் ஹெச்எல்-எல்2321டி போன்ற கறுப்பு மட்டும் அடிக்கும் சாதாரண மெஷினிலேயே இரண்டு பக்க வசதி இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த பிரதர் மெஷினின் டோனர், அதாவது மைக்குப் பதிலான பொடி, 2,600 பக்கம் வரும்; அந்தப் பொடியைத் தாளுக்கு மாற்றும் டிரம் 12,000 பக்கம் வரும். வேறு நிறுவனம் செய்யும் கம்பாட்டிபிள் டோனர் 700 ரூபாய், கம்பாட்டிபிள் டிரம் 1,200 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்கு டோனர் 27 பைசா, டிரம் 10 பைசா, பாதித் தாள் 27 பைசா. மொத்தம் 64 பைசா. ஒருபக்கமாக அச்சிடும் இங்க் டேங்கில் மை 10, தாள் 55, ஆக 65 பைசா. சரிக்குச் சரி! ஒரிஜினல் டோனர்தான் போடுவேன் என்றால் லேசர் கூடத்தான் வரும். பக்கத்துக்கு ஒரு ரூபாய் கூடியது என்றே வையுங்கள். மாதம் நூறு பக்கத்துக்கு நூறு ரூபாய். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். இங்க் டேங்கிலும் இரண்டு பக்க வசதி உள்ள மாடல் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அதன் விலையும் மேலே போய்விடுகிறது.

அடுத்து, சும்மா கிடப்பதால் வரும் கேடு. இங்க்ஜெட் ஹெட்டின் துளை தலைமுடியைவிட மெல்லியது. மே மாத விடுமுறையில் ஒரு மாதம் மூடிவைத்துவிட்டு ஜூனில் பள்ளி திறக்கும்போது போட்டால் கோடு கோடாக அடிக்கும். கிளீனிங் கொடுப்போம், மை போகும். இன்னொரு முறை கொடுப்போம், இன்னும் போகும். போகிற மை எங்கே போகிறது? மெஷினுக்குள் இருக்கும் பஞ்சுப் பட்டைக்கு. அதற்கு ஒரு எண்ணிக்கை உண்டு. அது நிரம்பிவிட்டதாக மெஷின் முடிவு செய்தால் அச்சிடுவதை நிறுத்திவிடும், சர்வீஸுக்குத்தான் எடுத்துப்போக வேண்டும். புது மாடல்கள் சிலவற்றில் பட்டையை நாமே மாற்றலாம், எல்லாவற்றிலும் முடியாது. ஹெட்டே போய்விட்டால் ஐந்து வருடம் பைசா பைசாவாகச் சேர்த்தது ஒரே நாளில் கரையும்.

லேசரில் காய்வதற்கு ஈரமே இல்லை. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் முதல் பிரதியை எடுத்துக் காட்டினாரே, அன்றிலிருந்தே இந்த முறையின் அடிப்படை அதுதான்: மின்னூட்டம், பொடி, சூடு. அதற்கு லேசர் கதிரைக் கொண்டுவந்தவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர். டிரம்மில் மின்னூட்டம் ஏறுகிறது, எழுத்து வர வேண்டிய இடத்தில் லேசர் பட்டு அதை விலக்குகிறது, அங்கே பொடி ஒட்டித் தாளுக்கு மாறுகிறது, பியூசர் அதைச் சூட்டில் உருக்கிப் பதிக்கிறது. பொடி என்பது நிறம் சேர்த்த பிளாஸ்டிக். மூன்று மாதம் கழித்துப் போட்டாலும் முதல் தாளே பளிச்சென்று வரும். வினாத்தாளை நாளைக் காலை எட்டு மணிக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் இரவு பதினோரு மணிக்கு மெஷினைப் போடுகிறவருக்கு இதன் மதிப்பு தெரியும். ஈரம் தொல்லை தருவது தாளுக்குத்தான். கடலோர ஊர்களில் கட்டைப் பிரித்துப் போட்டுவைத்தால் தாள் நமத்துச் சிக்கும், உறையிலேயே வைத்திருங்கள்.

"டோனர் தீர்ந்தால் நாலாயிரம் ஐயாயிரம் வைக்க வேண்டும்" என்பது இன்னொரு வாதம். இதில்தான் பாதி உண்மை இருக்கிறது. கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த லேசரைக் கேட்டு வாங்கினால் அப்படித்தான் நடக்கும். அத்தகைய மெஷின்கள் பலவற்றில் டோனரும் டிரம்மும் ஒரே கார்ட்ரிட்ஜ்; பொடி தீரும்போதெல்லாம் நல்ல டிரம்மையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம். ஆயுளோ 1,500, 1,600 பக்கம். பெட்டியோடு வரும் கார்ட்ரிட்ஜில் அந்த அளவும் இருக்காது, ஐந்நூறு எழுநூறு பக்கத்தில் கை விரிக்கும். அதோடு சிப். சிப் இல்லாத கார்ட்ரிட்ஜைப் போட்டால் மெஷின் ஏற்காது. குறைந்த விலையில் மெஷினைக் கொடுத்து, டோனரில் அந்தப் பணத்தை எடுக்கும் வழி இது.

இப்படிச் சிப்பால் பூட்டுப் போடுவது லேசரின் குணமா என்றால் இல்லை. 2016 செப்டம்பரில் ஹெச்பியின் ஆபீஸ்ஜெட் இங்க்ஜெட் பிரிண்டர்கள் பல, வேறு நிறுவன கார்ட்ரிட்ஜுகளைத் திடீரென ஏற்க மறுத்தபோது உலகமே கொதித்தது. 2017 மே மாதம் லெக்ஸ்மார்க் டோனர் கார்ட்ரிட்ஜ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்றுவிட்ட பொருளின் மேல் காப்புரிமையைக் காட்டி மறுநிரப்பலைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் தடுக்கவில்லை என்றாலும் சிப் தடுக்கும். ஆகவே வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான். கேனன் எல்பிபி2900 நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம் இதுதான். அதன் 303 கார்ட்ரிட்ஜும் ஹெச்பியின் 12ஏ கார்ட்ரிட்ஜும் ஒரே குடும்பம், இரண்டுமே 2,000 பக்கம், இரண்டிலும் சிப் கிடையாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் முதல் தாலுகா ஊர் வரை அதை நிரப்பத் தெரிந்த கை இருக்கிறது. டோனரைத் தனியாகவும் டிரம்மைத் தனியாகவும் மாற்றும் பிரதர் வகையும் நல்ல வழி. 2019இல் ஹெச்பியே நெவர்ஸ்டாப் என்று தொட்டியில் டோனர் ஊற்றும் லேசரைக் கொண்டுவந்தது. பெட்டியோடு 5,000 பக்கத்துக்கான டோனர், பிறகு 2,500 பக்கத்துக்கு ஒரு நிரப்பு. லேசரில் சிக்கனம் முடியாது என்பவர்கள் இவற்றை எந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

ரீஃபில் செய்தால் மெஷின் கெட்டுவிடும் என்ற பயம் அடுத்தது. கெடுப்பது ரீஃபில் இல்லை, அரைகுறை ரீஃபில். ஹெச்பி, கேனனின் அந்தப் பழைய கார்ட்ரிட்ஜுகளில் இருப்பது இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொடி. பிரதருடையது காந்தமில்லாப் பொடி. ஒன்றை மற்றதில் கொட்டினால் எழுத்து வராது, கறையும் புகையும்தான் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுகிற கடை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். 12ஏ போன்றவற்றில் தாளுக்குப் போகாமல் எஞ்சும் பொடி சேரும் அறை ஒன்று உண்டு. பொடி ஊற்றும்போது அதைக் காலி செய்யாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது ரீஃபிலில் அது வழிந்து தாளெல்லாம் அழுக்காகும். பழி ரீஃபில் மேல் விழும். நல்ல ஆள் அந்த அறையைத் தட்டி, வைப்பர் பிளேடைத் துடைத்து, தேய்ந்த டிரம்மை மாற்றித் தருவார்.

கறை எங்கிருந்து வருகிறது என்று நாமே கண்டுபிடிக்கலாம். பிரதர் மெஷினில் ஒரே புள்ளி 94 மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழுந்தால் அது டிரம்மின் சுற்றளவு. டிரம்மில் ஏதோ ஒட்டியிருக்கிறது. மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு விழுந்தால் டிரம் யூனிட்டின் மேல் இருக்கும் பச்சைத் தள்ளியைப் பலமுறை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இழுத்துவிட்டுத் திரும்ப அதன் இடத்திலேயே நிறுத்துங்கள். டிரம்முக்கு மின்னூட்டம் ஏற்றும் கொரோனா கம்பி சுத்தமாகும். ஒரு பைசா செலவில்லை. இதைத் தெரியாமல் புது டிரம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். வாரண்டியைப் பொறுத்தவரை, வெளி டோனரால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்றுதான் பெரும்பாலும் அட்டையில் இருக்கும். வெளி டோனர் போட்டாலே வாரண்டி முழுக்கப் போய்விடும் என்று கடையில் சொன்னால் அட்டையை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

கரண்ட் பில் ஏறும் என்கிறார்கள். அச்சிடும் நேரத்தில் சராசரி 500 வாட் என்றே வையுங்கள். மாதம் இருபது தடவை, தடவைக்கு ஒரு நிமிடம். கால் யூனிட் கூட வராது. மற்ற நேரமெல்லாம் ஒரு வாட் இழுத்துத் தூங்கினாலும் மாதத்துக்கு முக்கால் யூனிட்தான். ஆனால் பியூசர் சூடேறும் நொடியில் ஆயிரம் வாட்டை நெருங்கும். அதனால் கம்ப்யூட்டருக்குப் போட்டிருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் லேசரைச் சொருகவே கூடாது. நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

உடம்புக்குக் கெடுதல் என்பதைத் தள்ளிவிட மாட்டேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லிடியா மொராவ்ஸ்கா குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 62 பிரிண்டர்களைச் சோதித்தார்கள். 17 மெஷின்கள் மிக நுண்ணிய துகள்களை அதிகமாக வெளியிட்டன. பெரும்பான்மையானவை வெளியிடவே இல்லை. எல்லா லேசரும் ஒன்றுபோல் இல்லை என்பதே அதில் தெரிகிறது. பிள்ளைகள் படிக்கும் மேசைமேல் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். பொடி சிந்தினால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், வெந்நீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கலர் வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி: மாதத்தில் எத்தனை கலர் பக்கம்? நாலைந்து என்றால் கடையில் எடுத்துக்கொள்ளலாம். தினமும் கலர் அச்சிடுகிறவருக்கு இங்க் டேங்க்தான் சரி, அவரிடம் நான் வாதாட வரவில்லை. கலர் லேசர் வாங்கி நான்கு கார்ட்ரிட்ஜுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்வேன். ஒரே விலைக்கு இங்க் டேங்கில் ஸ்கேனரும் வருகிறது என்பதும் நியாயமான வாதம். ஃபோனில் ஸ்கேன் எடுத்துப் பழகியவர்களுக்கு அது பெரிய இழப்பில்லை.

புது மெஷின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பழைய எல்பிபி2900, ஹெச்பி 1020 போன்றவை எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. இவற்றில் இரண்டு பக்க வசதியும் வைஃபையும் கிடையாது. கம்ப்யூட்டரில் உள்ள டிரைவரை நம்பியே ஓடுபவை என்பதால், உங்கள் லேப்டாப்பையே கையோடு எடுத்துப்போய் அதில் டிரைவர் ஏறுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிறகு முழுக் கறுப்புப் பக்கம் ஒன்று, வெறும் பக்கம் ஒன்று, சிறிய எழுத்தில் தமிழ்ப் பக்கம் ஒன்று என்று மூன்று தாள் அடிக்கச் சொல்லுங்கள். கறுப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ வெறும் தாளில் சாம்பல் படிந்தாலோ கோளாறு பெரும்பாலும் கார்ட்ரிட்ஜில். அதை மாற்றிக் கேட்கலாம். மூன்றாவது தாளை விரலால் அழுத்தித் தேயுங்கள். எழுத்து விரலோடு வந்தால் பியூசர் சரியாகச் சூடேறவில்லை. அந்த மெஷினை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.