வள்ளத்தடிப் பாசிக்கும் ஆக்கவுரிமைக்கும் என்ன தொடர்பு?

நாயாறு எண்டு சொன்னால் எங்கட ஆக்களுக்கு முதல்ல ஞாபகம் வாறது பிரச்சினைகள்தான். 2018 ஆகஸ்டில் எரிக்கப்பட்ட வாடிகளும் படகுகளும், பருவத்துக்குத் தெற்கிலிருந்து வருகிற மீனவர்களோடு இழுபடுகிற பிணக்கு, நீராவியடிப் பிள்ளையார் கோயில் வழக்கு. இவையெல்லாம் திரும்பத் திரும்ப எழுதப்பட வேண்டியவை. ஆனால் நாங்கள் இன்றைக்குக் கதைக்கப் போவது வேறொன்று. கேட்டால் சிரிப்பீர்கள்: நீருக்குள் கிடக்கிற ஒரு மேற்பரப்பு சுத்தமாக இருக்கிறதா இல்லையா என்று கண்காணிக்கிற தொழில்நுட்பமும், அதற்கு ஒருவர் ஆக்கவுரிமை கேட்டால் அதைப் பரீட்சிக்கிறவர் என்ன கேட்பார் என்பதும்.

ஆக்கவுரிமை என்பது பேட்டன்ற். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அதில் என்ன வேலை என்று நண்பர்களே கேட்டார்கள். எங்கட பதில் இதுதான்: ஆக்கவுரிமைப் பரீட்சையின் பாதி, பொறியியல் இல்லை, வாசிப்பு. ஒரு வசனத்தை எடுத்து, அதில் எந்தச் சொல் புதிது, எந்தச் சொல் பழையது, பழையது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுகிற வேலை. எழுதப்படாத கடற்கரை ஒன்று அந்தத் தேடலில் இல்லாத கடற்கரையாகிவிடும். அதுதான் எங்களை உறுத்துகிறது.

முதலில் விஷயத்துக்கு வருவம். தண்ணீரில் நிற்கிற எதிலும் முதலில் ஒரு வழுவழுப்புப் படலம் பிடிக்கும், பிறகு பாசி, பிறகு கல்லு மாதிரி ஒட்டுகிற சின்னச் சிப்பிகள். கப்பலாக இருந்தால் அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது கஷ்டமாகும், எண்ணெய் கூடக் குடிக்கும். கப்பலடியின் பாதிக்கு அரை மில்லிமீற்றர் தடிப்பில் வழுவழுப்புப் படர்ந்தாலே, கப்பலைப் பொறுத்து 25 தொடக்கம் 30 வீதம் வரை புகை கூடலாம் என்று குளோஃபவ்லிங் திட்டத்தின் ஆய்வு சொல்கிறது. சர்வதேச கடல்சார் அமைப்பும் ஐ.நா. அபிவிருத்தித் திட்டமும் சேர்ந்து நடத்திய அந்தத் திட்டத்தின் 12 முன்னணிப் பங்காளி நாடுகளில் இலங்கையும் ஒன்று. இது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த அழுக்கோடு மனிதர் மல்லுக்கட்டுவது புதிதில்லை. இங்கிலாந்தில் 1625இலேயே வில்லியம் பீல் என்பவர் இரும்புத்தூள், சீமெந்து, செப்புச் சேர்மம் கலந்த ஒரு பூச்சுக்கு ஆக்கவுரிமை பெற்றிருக்கிறார். நானூறு வருடம். இடையில் வெள்ளீயச் சேர்மப் பூச்சு வந்தது. நல்லாக வேலை செய்தது, கடலில் இருக்கிற மற்ற உயிரையும் சேர்த்துக் கெடுத்தது. அதைத் தடுக்கிற சர்வதேச உடன்படிக்கை 2001இல் எழுதப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. நஞ்சைக் குறைக்கவேணும் எண்டால் அடிக்கடி சுத்தம் செய்யவேணும், எப்ப சுத்தம் செய்யிறது எண்டு தெரியவேணும் எண்டால் அடிக்கடி பார்க்கவேணும். கண்காணிப்புத் தொழில்நுட்பத்துக்குக் கிராக்கி வந்த வழி அதுதான். நோர்வேயின் ஜோட்டுன் என்ற பூச்சுக் கம்பனி 2020இல் ஒரு ரோபோவை அறிமுகப்படுத்தியது. அது கப்பலிலேயே தங்கும், காந்தச் சில்லுகளால் இரும்புடம்பில் ஒட்டி ஓடும், கமராவால் பார்க்கும், பூச்சு உரியாமல் தேய்க்கும். கரையிலிருந்து ஆட்கள் அதை இயக்குவார்கள்.

இந்த மாதிரிக் கருவிகளுக்கான விண்ணப்பங்கள் ஆக்கவுரிமை வகைப்படுத்தலில் 'பி63பி 59' என்ற பெட்டிக்குள் கிடக்கின்றன. இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். முதல் விண்ணப்பம் போட்டு 18 மாதத்தில் அவை வெளியாகிவிடும். அவற்றின் முக்கியமான பகுதி கடைசியில் வருகிற உரிமைக் கோரல்கள். இந்த வகைக் கோரல் ஒன்று பொதுவாக எப்படிப் போகும் எண்டால்: ஒரு கருவி மேற்பரப்பின் மேல் நகர்கிறது, உணரி ஒன்று அளக்கிறது, அளந்த இடம் எது என்று குறிக்கப்படுகிறது, முன்னைய அளவோடு ஒப்பிட்டுச் சுத்தத்துக்கு ஒரு மதிப்பு கொடுக்கப்படுகிறது, அந்த மதிப்பைப் பொறுத்து ஏதோ ஒன்று நடக்கிறது.

அந்தக் கடைசி 'ஏதோ ஒன்று' தான் பரீட்சகரின் பேனா நிற்கிற இடம். அறிக்கை ஒன்றைத் திரையில் காட்டுவதோடு முடிந்தால், அது வெறும் தகவல் காட்டல். ஐரோப்பிய ஆக்கவுரிமை உடன்படிக்கை தகவல் காட்டலையும் கணினி நிரலையும் தனியே எடுத்தால் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவும் நிரலையும் வழிமுறைக் கணக்கையும் தள்ளிவைக்கிறது. ஆனால் தொழில்நுட்ப விளைவு இருந்தால் கணினி சம்பந்தப்பட்டது என்பதற்காக மட்டும் தள்ளக்கூடாது என்று 2019இல் ஃபெரிட் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த மதிப்பைக் கொண்டு தூரிகையின் அழுத்தமோ பாதையோ மாறினால் கதை வேறு. அங்கே ஒரு பொருள் வேலை செய்கிறது.

எங்கட அபிப்பிராயம் இதில் கொஞ்சம் இறுக்கமானது. தூரிகையை மாற்றுகிற கோரலுக்கு உரிமை கொடுக்கலாம். 'அழுக்கு இவ்வளவு' என்று சொல்லிவிட்டு நிற்கிற கோரலுக்குக் கொடுக்கக்கூடாது. ஏனென்றால் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நாயாற்றில் ஒரு அண்ணையிடம் கேட்டோம், அடியில பாசி பிடிச்சிட்டுது எண்டு எப்படித் தெரியும் எண்டு. கரையில் ஏற்றுகிற வள்ளத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லையாம், களப்புக்குள்ள நாள்கணக்கில கட்டி நிக்கிறதுக்குத்தான். "பிள்ளையள், அதுக்குத் தண்ணிக்குள்ள இறங்கத் தேவையில்லை. எஞ்சின் இழுக்கிற சத்தத்திலயே தெரியும். பிறகு எண்ணெய் போற கணக்கில தெரியும். சந்தேகம் எண்டால் கையை விட்டுத் தடவிப் பாக்கிறது" என்றார். நான்கு வசனம்தான். கப்பலின் வேகமும் எஞ்சின் வலுவும் எப்படி மாறுகிறது என்பதை வைத்து அடிப்பகுதியின் நிலையைக் கணிக்கிற சர்வதேசத் தரம் ஒன்று 2016இல் வந்தது, ஐஎஸ்ஓ 19030. அண்ணையின் நடு இரண்டு வசனத்துக்குள்ளும் அதே யோசனை இருக்கிறது. தரத்தில் அளவீடும் கணக்கும் இருக்கிறது, அண்ணையிடம் காது இருக்கிறது, அதுதான் வித்தியாசம். (எங்களில் ஒருத்திக்கு அவர் தடவச் சொல்லிக் காட்டிய வள்ளத்தில் கை கீறிப்போனது தனிக்கதை.)

அந்த எண்ணெய்க் கணக்கு விளையாட்டு இல்லை. இந்தக் கரையின் சின்ன வள்ளங்களில் அநேகம் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. பாசி குடிக்கிற ஒவ்வொரு லீற்றரும் அந்த விலையில்தான் போனது.

இப்ப கேள்வி: அண்ணையின் காது ஆக்கவுரிமைப் பரீட்சையில் செல்லுமா? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்த இடத்தில் தாராளமானது. உலகத்தில் எங்கேயாவது எழுத்தாலோ, வாய்ச்சொல்லாலோ, பயன்பாட்டாலோ, வேறெந்த வழியாலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்ட எல்லாமே முன்னறிவு என்கிறது. முன்னறிவில் இருப்பது புதிது இல்லை. அப்ப நாயாற்றின் பயன்பாடும் சட்டப்படி முன்னறிவுதான். அதே சட்டம், முற்றிலும் மனத்தால் செய்யிற செயலுக்கு ஆக்கவுரிமை இல்லை என்றும் சொல்கிறது. அண்ணை கேட்டு, தடவி, யோசித்து முடிவெடுப்பதை ஒருவரும் பூட்டிவைக்க முடியாது.

சட்டம் அப்படி. நடைமுறை? கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கிறவர் ஒரு சர்வதேச வகைத் தேடல் அறிக்கையைக் கொடுக்கலாம், அல்லது உள்நாட்டுப் பரீட்சகர் ஒருவருக்கு அனுப்பும்படி கேட்கலாம். இரண்டு வழியிலும் தேடுகிறவர் மேசையில் இருந்துதான் தேடுகிறார். தரவுத்தளத்தைத் திறக்கிறார், சஞ்சிகையைப் பார்க்கிறார். முல்லைத்தீவு–கொக்கிளாய் வீதியால் வந்து நாயாற்றுப் பாலத்தில் இறங்கி எஞ்சின் சத்தம் கேட்கப்போவதில்லை. அவரைக் குறை சொல்லவும் ஏலாது. உலகம் முழுக்க இந்த வேலை அப்படித்தான் நடக்கிறது.

மஞ்சள் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதில் ஒரு துண்டை விட்டுவிட்டுத்தான் சொல்லுவார்கள். காயம் ஆற மஞ்சள் போடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை கொடுக்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது, 1997இல் அது இரத்தானது. நாங்கள் வழக்கமாக இதை 'பாட்டி வென்றாள்' என்று சொல்லிக்கொள்கிறோம். வென்றது பாட்டி இல்லை. அப்போதைய அமெரிக்கச் சட்டத்தில், வேறு நாட்டில் சனம் பயன்படுத்தி வருவது மட்டும் கணக்கில் வராது, அச்சில் இருக்கவேணும். மன்றம் 32 எழுத்து ஆதாரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது, பழைய சமஸ்கிருத நூல்களும் 1953ஆம் ஆண்டு மருத்துவச் சஞ்சிகைக் கட்டுரை ஒன்றும் அதில் அடக்கம். அமெரிக்கா அந்த விதியை 2013இல்தான் மாற்றியது. பிறகு இந்தியா உருவாக்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், யப்பானியம் என ஐந்து மொழிகளில் பரீட்சகர்களுக்குக் கிடைக்கின்றன. மருந்துக்கு ஓலைச்சுவடி இருந்தது. வள்ளத்தடிக்கு? மரவள்ளக் காலத்தில் சுறா எண்ணெய் பூசியதும், புழு அரித்த பலகையைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்ததும் வாயோடு போய்க்கொண்டிருக்கிறது.

இங்கே நாங்கள் ஒரு பழக்கமான கூச்சலோடு சேரவில்லை. 'வெள்ளைக்காரன் எங்கட அறிவைத் திருடிவிட்டான்' என்பது மஞ்சளுக்குப் பொருந்தலாம், காந்தச் சில்லு ரோபோவுக்குப் பொருந்தாது. அதை யோசித்தவர்கள் யோசித்தவர்கள்தான். எங்களுடைய ஆதங்கம் மற்றப் பக்கம்: அவர்கள் எழுதி வெளியிட்டதை நாங்கள் வாசிப்பதும் இல்லை.

ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. நோர்வேயிலோ அமெரிக்காவிலோ கொடுத்த உரிமை இலங்கைக்குள் செல்லாது. சர்வதேச விண்ணப்பம் போட்டவர் பொதுவாக 30 மாதத்துக்குள் எந்தெந்த நாட்டில் உரிமை வேணுமோ அந்தந்த நாட்டு அலுவலகத்துக்குள் நுழையவேணும். இலங்கையில் நுழையாத கண்டுபிடிப்பை, விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறபடியே இங்கே செய்து, இங்கே பாவிக்கலாம். திருட்டில்லை. உரிமை எடுத்தவர் அதற்கு விலையாகச் செய்யிற முறையை உலகத்துக்குச் சொல்லவேணும் என்பதுதான் இந்த முறையின் பேரமே. உரிமை இருக்கிற நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால்தான் சிக்கல். காந்தச் சில்லு கண்ணாடிநார் வள்ளத்தில் ஒட்டாது, அந்த ரோபோவும் எங்களுக்குத் தேவையில்லை. ஆனால் தண்ணீருக்குள் போகிற ஒரு சின்னக் கமரா, ஒரே இடத்தைக் கிழமைக்கொருக்கால் படமெடுத்து ஒப்பிடுகிற முறை, எப்ப கரையேற்றினால் இலாபம் என்கிற கணக்கு, இவை எங்கட பொறியியல் பீடத்துப் பெடியள் ஒரு பருவத்துக்குள் செய்து பார்க்கக்கூடியவை.

வள்ளத்தின் எண்ணெய் மட்டுமில்லை விஷயம். எண்ணூர், பழவேற்காட்டுப் பக்கம் 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் பெயர் வைத்த ஒரு வெளிநாட்டுச் சிப்பி அடியைப் பாய்போல மூடி, இறாலையும் மட்டியையும் ஒழித்துக்கொண்டிருக்கிறது. தென்னமெரிக்காப் பக்கத்து உயிர். கப்பல்களோடு வந்திருக்கவேண்டும் என்பதுதான் பரவலான கருத்து. அது பரவுகிறது என்று முதலில் சத்தம் போட்டது ஆற்றில் இறங்குகிற சனம். நாயாறும் அதே மாதிரி முகத்துவாரத்தை மண்மேடு மூடித் திறக்கிற ஒரு களப்பு. அப்படி ஒன்று இங்கே வந்தால் முதலில் தடவிப் பார்ப்பது யாருடைய கை என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கை அன்றைக்குச் சொல்லுவதை ஆரும் நம்பவேணும் எண்டால், இதுவரை வள்ளத்தடியில் ஒட்டியது என்னென்ன என்று திகதியோடு ஒரு பதிவு இருக்கவேணும்.

ஆகவே கேட்கிறோம். எங்கட பீடத்தில் நாட்டார் பாடலைச் சேகரிக்கிற ஒப்படை இருக்கிறது, நல்லது. தொழில் அறிவைச் சேகரிக்கிற ஒப்படையும் வேணும். இன்ன இடம், இன்ன திகதி, இன்ன முறை, படத்தோடு, தமிழிலேயே. முன்னறிவுக்கு மொழி தடையில்லை, நூலகத்தில் திகதி விழுந்து பொதுவில் கிடந்தால் போதும். கூடவே ஒரு உரிமைக் கோரலைத் தமிழில் பெயர்த்துப் பார்க்கிற பயிற்சி. மொழிபெயர்ப்புக் கற்கிற எங்களுக்கு அதைவிடக் கறாரான வசனம் கிடைக்காது, ஒரு 'அல்லது' மாறினால் உரிமையின் எல்லையே மாறிவிடும்.

ஒரு எதிர்வாதம் இருக்கிறது, எங்களுக்குள்ளேயே வந்தது. எழுதி வெளியிட்டால் அது எல்லாருக்கும் பொது. கம்பனி பூட்டிவைக்க ஏலாது, உண்மை. ஆனால் அதே கம்பனி சும்மா எடுத்துப் பாவிக்கலாம், சொன்னவருக்கு ஒரு சதமும் வராது. இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. எதை எழுதலாம், எதை வாடிக்குள்ளேயே விடலாம் என்பதை நாங்கள் தீர்மானிக்கக்கூடாது என்பது மட்டும் தெளிவு. சோளகம் முடிந்து வாடைக்கு வள்ளங்களை ஏற்றுகிற நேரம் ஆட்களுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். அப்போது போய் முதலில் அதைத்தான் கேட்கப் போகிறோம்.