ஒரே மணம், மூன்று விதிகள்

பிரான்ஸின் பாஸ்டிஸ், கிரேக்கத்தின் ஊஸோ, துருக்கியின் ராக்கி ஆகிய மூன்றும் சோம்பை ஒத்த ஆனிஸ் மணம் கொண்ட மதுவகைகள். அந்த மணத்தைத் தரும் அனெத்தோல் என்னும் எண்ணெய்ப்பொருள் ஆல்கஹாலில் கரையும், நீரில் கரையாது. அதனால்தான் தண்ணீர் சேர்த்ததும் இவை பால்போலக் கலங்குகின்றன. வேதியியல் ஒன்றாக இருந்தும் இவற்றின் வரலாறு வெவ்வேறாக அமைந்தது. அதைத் தீர்மானித்தவை அந்தந்த நாட்டின் சட்டமும் வரியுமே.

பிரான்ஸ் தடையை நாடியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலோக்சரா என்ற பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, ஆனிஸும் மாசிபத்திரி இனத்து மூலிகையும் சேர்ந்த அப்சிந்த் என்ற மது ஒயினின் இடத்தைப் பிடித்தது. அது மனநலத்தைக் கெடுப்பதாக மதுவிலக்கு இயக்கத்தினர் குற்றம்சாட்டினர்; சந்தையை இழந்த ஒயின் உற்பத்தியாளர்களும் அவர்களோடு ஓரணியில் நின்றனர். 1915-இல் அப்சிந்த் தடைசெய்யப்பட்டது. எனினும், அந்தச் சுவைக்கான தேவை மறையவில்லை. அந்த மூலிகை நீங்கிய ஆனிஸ் மதுவுக்குப் பின்னர் அனுமதி கிடைத்தது. 1932-இல் மார்செய் நகரில் பால் ரிக்கார் தமது பாஸ்டிஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

கிரேக்கம் சலுகையை நாடியது. ஊஸோவுக்கான ஆயத்தீர்வையைப் பாதி வரை குறைத்துக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுக்கு இடமளிக்கிறது. இச்சலுகையை எதிர்த்த வழக்கு 2004-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கப்படும் சிப்புரோ என்ற மதுவுக்கு அதே சலுகையை அளித்தது தவறு என்று 2019-இல் அந்த நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

துருக்கி நாடியது கடும் வரியை. ராக்கியின் விலையில் பாதிக்கும் மேல் வரியே. பணவீக்கத்தை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை அது உயர்த்தப்படுகிறது. ஊதியமோ அதே வேகத்தில் உயர்வதில்லை. எனவே பலர் எத்தில் ஆல்கஹாலையும் ஆனிஸ் சாரத்தையும் கலந்து வீட்டிலேயே ராக்கி தயாரிக்கத் தொடங்கினர். மலிவான மெத்தனாலைக் கலந்து விற்போருக்கும் இதுவே வாய்ப்பாயிற்று. போலி ராக்கியிலும் அதே ஆனிஸ் மணம்தான். நீர் சேர்த்தால் அதுவும் வெளுக்கும். கண்ணும் நாக்கும் நஞ்சை அடையாளம் காண முடியாது. 2025-இன் தொடக்கத்தில் இஸ்தான்புல், அங்காரா ஆகிய இரு நகரங்களில் மட்டும் கள்ளமது அருந்தி 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

விலை ஏறினால் நுகர்வு குறையும் என்பது பொருளியலின் பாலபாடம். மதுவின் மீதான வரி பல குடும்பங்களைக் காக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், அதே பாடத்தின் அடுத்த பக்கம் மாற்றுப்பொருள் பற்றியது. குடியை விட முடியாத ஏழைக்கு மாற்றுப்பொருளாகக் கிடைப்பது நஞ்சாக இருந்தால், குறைந்த நுகர்வை மட்டும் கணக்கில் வைத்து அரசு நிறைவு கொள்ள இயலாது.

இது நமக்கு அயலார் கதையன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததும் மெத்தனால்தான். வரியைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. வரியை உயர்த்தும் அரசு, தொழிற்சாலை மெத்தனாலின் ஒவ்வொரு பீப்பாயும் எங்கு செல்கிறது என்பதைக் கண்காணிக்கும் கடமையையும் ஏற்க வேண்டும். வருவாய்க் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும் அரசுகள், அதன் எதிர்ப்பக்கத்தில் இந்த மரணங்களையும் எழுதிப் பார்க்கட்டும்.