உம்மா திரும்பி வருவார் என்பதற்குக் காகிதம் எங்கே?

பிரித்தானியாவில் இருக்கும் மகளையும் பேரப்பிள்ளையையும் பார்க்க விண்ணப்பித்த உம்மாவுக்கு வீசா மறுக்கப்பட்டது என்பது எமது ஊர்களில் புதிய செய்தியல்ல. "மருமகன் நல்ல தொழில் செய்கிறார், ஸ்பொன்சர் கடிதமும் தந்தார், பிறகு ஏன்?" என்று கேட்கிறார்கள். கிழக்கில் ஓர் ஆசிரியராக இருப்பதால், மறுப்புக் கடிதத்தை வாசித்து விளக்கும்படி என்னிடமும் சிலர் வருவதுண்டு.

விருந்தினர் வீசா ஆறு மாதம் வரை தங்க அனுமதிக்கிறது. செலவை அங்குள்ள பிள்ளை ஏற்கலாம். ஆனால் வருபவர் உரிய காலத்தில் நாடு திரும்புவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். அழைப்பவரின் சம்பளம் இதற்குப் பதிலாகாது.

எமது சிக்கல் இங்கேதான். கிழக்கில் பெண்பிள்ளைக்குத் திருமணம் பேசும்போதே வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிடுகிறோம். அறுபது வயதில் உம்மாவின் பெயரில் ஒரு பேர்ச் காணியும் இருப்பதில்லை. வாப்பாவின் வியாபாரம் கடைக் கொப்பியில் இருக்கும், வங்கியில் இருக்காது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறு எழுத்து. ஊரை விட்டு ஒரு மாதம் பிரிய முடியாத தாய், காகிதத்தில் எந்தப் பிணைப்பும் இல்லாதவராகத் தெரிகிறார்.

முன்பு குடும்ப விருந்தினருக்கு முழுமையான மேன்முறையீட்டு உரிமை இருந்தது. 2013 ஜூன் 25இல் அது நீக்கப்பட்டது. இன்று மனித உரிமை அடிப்படையிலான குறுகிய வழியைத் தவிர, மறுக்கப்பட்டவர் பெரும்பாலும் மீண்டும் பணம் கட்டி விண்ணப்பிக்கவே வேண்டியுள்ளது. ஆறு மாத வீசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 115இலிருந்து 127 பவுணாக உயர்ந்தது. மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்காது. அதிகாரியின் தவறைச் சுயாதீனமாகப் பரிசீலிக்க எளிதான வழியில்லாமல், அதன் செலவை ஏழைப் பெற்றோர் மீது சுமத்துவது நியாயமல்ல. அங்கு வாக்குரிமையுள்ள எமது பிள்ளைகள் இதைத் தமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் எழுப்ப வேண்டும்.

அதுவரை, கடன் வாங்கிக் கணக்கில் பத்து இலட்சம் போட்டுக் காட்டச் சொல்லும் இடைத்தரகரை நம்பாதீர்கள். திடீரென வந்த பணம் சந்தேகத்தையே வளர்க்கும். பொய் ஆவணம் பத்து வருடத் தடையில் முடியலாம். உண்மையை விளக்கி எழுதுங்கள். வீடு மகளின் பெயரில் ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லி, உறுதியையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணையுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று, பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக் கடதாசி, உம்ரா சென்று காலத்தோடு திரும்பியதைக் காட்டும் பழைய கடவுச்சீட்டு எல்லாம் உதவும். முந்தைய மறுப்பு இருந்தால் மறைக்காதீர்கள்.

இவை வீசாவை உறுதிப்படுத்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எமது குடும்ப வழக்கம் அந்த அதிகாரிக்குத் தெரியாது. நாம் எழுதாவிட்டால் அவர் அதை அறிய வேறு வழியில்லை.