செடானுக்கு வால் இருந்துட்டுப் போகட்டும், விடுங்கய்யா!

புதுசா கார் வாங்கப் போறேன், செடான்தான்னு சொன்னதுல இருந்து ஒரே அட்வைஸ் மழை. "இந்தக் காலத்துல யாருடா தம்பி செடான் வாங்குறான்?"னு சித்தப்பா. "மச்சி, ரீசேல் போவாது"ன்னு பக்கத்து சீட்டு நண்பன். ஷோரூம்ல செடான் காட்டுங்கன்னு கேட்டா, டைப்ரைட்டர் ரிப்பன் கேட்டவனைப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதான் மொத்தமா ஒரு பதிவு. கும்முறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கும்முங்க :-)

முதல்ல என் பொழப்பைச் சொல்லிடறேன். வீடு அம்பத்தூர். பொட்டி தட்டுறது சிறுசேரி சிப்காட்ல. பைபாஸ் ஏறி, போரூர் டோல் தாண்டி, பெருங்களத்தூர், வண்டலூர், அங்க திரும்பி கேளம்பாக்கம், அப்புறம் சிறுசேரி. போக சுமாரா 50 கிலோமீட்டர், வர 50. மாசத்துக்கு 22 நாள்னா 2,200. வருஷத்துக்கு 26,000 சொச்சம். இதுல மலைப்பாதை எவ்வளவு? பூஜ்யம். காடு? வண்டலூர் ஜூ வாசல் மட்டும்தான். அப்புறம் எனக்கு எதுக்குய்யா எஸ்யூவி?

இப்ப ஒவ்வொண்ணா வரேன்.

"உயரமா உக்காந்தா கெத்து"

கெத்துக்கு யார் பெட்ரோல் போடுறது? ஒரு உதாரணம். நம்ம இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ரெண்டு வண்டி பண்றாங்க. 2023-ல வந்த வெர்னா, 2024-ல மாத்தி வந்த கிரெட்டா. ரெண்டுலயும் அதே 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், அதே ஏழு கியர் ஆட்டோமேட்டிக் வாங்கலாம். வெர்னா உயரம் 1,475 மிமீ, கிரெட்டா 1,635. சான்றிதழ் மைலேஜ் வெர்னாவுக்கு 20.6, கிரெட்டாவுக்கு 18.4. கம்பெனி அதேதான், இன்ஜின் அதேதான். பெரிய வித்தியாசம் உடம்புதான்.

இன்ஜினியரிங் படிச்சவங்க யாரும் இதுக்கு ஆச்சரியப்பட வேணாம். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 40-ல போறப்ப இருக்குறது 80-ல நாலு மடங்கு ஆகும். முகம் பெருசா இருந்தா இன்னும் கூடும். என் 2,200 கிலோமீட்டருக்கு அந்தச் சான்றிதழ் கணக்குப்படியே மாசம் 13 லிட்டர் கிட்ட வித்தியாசம். லிட்டர் 100 ரூபாய்னு வைங்க, வருஷத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல. நிஜ ரோட்ல ரெண்டுமே கம்மியாத்தான் குடுக்கும். அதுக்காக காத்து உயரமான வண்டிக்குத் தள்ளுபடி தரப்போறதில்ல.

"மழை வந்தா என்ன பண்ணுவே?"

நல்ல கேள்வி. சிடிஎச் ரோட்டைப் பாத்தவன்தான் நானும். 2015 டிசம்பரும் பாத்தாச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு எஸ்டேட்டே மூழ்கினதையும் பாத்தாச்சு. ஆனா கணக்கைப் பாருங்க. கிரெட்டாவோட அடிப்பகுதி தரையில இருந்து 190 மிமீ உயரம். ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ரெண்டும் 179. வித்தியாசம் 11 மிமீ, ஒரு சுண்டுவிரல் அகலம்! இடுப்பளவு தண்ணியில இது என்னத்தைக் காப்பாத்தும்? காத்து இழுக்குற குழாய் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போனா கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். அதுக்கு எஸ்யூவி, செடான்னு பாகுபாடு கிடையாது.

ஹோண்டா சிட்டி 165 மிமீதான். நம்ம தெருவுல ஆளாளுக்குப் போட்ட வேகத்தடையில நாலு பேரோட ஏறினா பாத்து ஏத்தணும், அதை ஒத்துக்கறேன். ஆனா அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோட சேந்தது 2011-ல. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஏரித் தண்ணி வடியுறதுக்கு வழி கேக்காம, அவனவன் உயரமா கார் வாங்கித் தப்பிச்சுக்கலாம்னு நினைக்கிறது என்ன நியாயம்? பைக்ல, பஸ்ஸுல போறவன் என்ன பண்ணுவான்?

"அப்பா அம்மா ஏறி இறங்க வேணாமா?"

வந்ததுலயே நியாயமான கேள்வி இது ஒண்ணுதான். மூட்டு வலிக்காரங்க வீட்டுல தினமும் போக வர இருந்தாங்கன்னா உயரமான வண்டியே வாங்குங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன். எங்க வீட்டுல அப்பா கார்ல ஏறுறது மாசத்துக்கு ரெண்டு தடவை, திருவேற்காடு கோயிலுக்கு. நான் தினமும் மூணு மணி நேரத்துக்கு மேல அதுல உக்காரணும். தொடைக்கு முழுசாத் தாங்கல் குடுக்குற சீட்டு, வளைவுல ஆட்டம் போடாத தாழ்வான உடம்பு, இதெல்லாம் ஆடம்பரம் இல்லீங்க. முப்பது வயசுல முதுகுக்குப் பெல்ட் போடாம இருக்குறதுக்கான வழி.

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப டிக்கி வேணும்ல? வெர்னாவுல 528 லிட்டர், கிரெட்டாவுல 433. ரீசேல் விஷயத்துக்கு ஒரே பதில்தான். அஞ்சு வருஷத்துல 1.3 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினப்புறம் எந்த வண்டிக்குமே பெரிய மரியாதை கிடையாது. சன்ரூஃப் பத்தியும் கேட்டாங்க. சென்னை மே மாசத்துல தலைக்கு மேல கண்ணாடி. நல்லா இருங்க மக்கா.

உண்மையில செடானை யார் ஒழிக்கிறாங்க?

ஜனங்க ரசனை மாறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. பாதிதான் உண்மை. மீதிப் பாதி டேப் வச்சு அளக்குற வரி.

2006 பட்ஜெட்ல சின்னக் காருக்குக் கலால் வரியை 24 சதவீதத்துல இருந்து 16 ஆக்கினாங்க. சின்னக் கார்னா நீளம் நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ள, டீசல்னா 1,500-க்குள்ள. உடனே வாலை வெட்டுற வைபவம் ஆரம்பம். 2008-ல டாடா இண்டிகோ சிஎஸ். 4,160 மிமீ இருந்த மாருதி டிசையரை 2012-ல 3,995-க்கு நறுக்கினாங்க. பாதுகாப்புக்காகவோ பெட்ரோல் மிச்சத்துக்காகவோ இல்ல, வரிக்காக!

2017-ல ஜிஎஸ்டி வந்துச்சு. செஸ் எல்லாம் சேத்து சின்ன பெட்ரோல் காருக்கு 29 சதவீதம், நடுத்தர செடானுக்கு 45, பெரிய எஸ்யூவிக்கு 50. 2025 செப்டம்பர் 22-ல இருந்து மாத்தினாங்க. சின்னதுக்கு 18, மத்த எல்லாத்துக்கும் 40. பேப்பர்ல எல்லாம் "கார் விலை குறைந்தது"ன்னு கொண்டாட்டம். கழிச்சுப் பாருங்க. சின்னக் காருக்குக் குறைஞ்சது 11. ரெண்டு டன் எஸ்யூவிக்குக் குறைஞ்சது 10. நடுவுல நிக்கிற செடானுக்கு வெறும் 5! கிரெட்டா மாதிரி 1,500 சிசிக்குள்ள இருக்குறதுக்கும் அதே அஞ்சுதான். சின்னக் காருக்கும் செடானுக்கும் நடுவுல 16 புள்ளியா இருந்த இடைவெளி 22 ஆயிடுச்சு. இப்ப 4.5 மீட்டர் செடானும் மலை மாதிரி டீசல் எஸ்யூவியும் ஒரே தட்டு. எவ்வளவு பெட்ரோல் குடிக்குது, எவ்வளவு புகை விடுது, மோதினா உள்ள இருக்குறவன் பொழைப்பானா, எதையும் கேக்காத வரி. வரி போடுறதுன்னா புகைக்குப் போடுங்க, எடைக்குப் போடுங்க. வாலுக்கு ஏன் போடுறீங்க?

விளைவு கண்ணு முன்னாடி இருக்கு. நம்ம மேற்குப் பக்கமே ஒரு காலத்துல செடான் ஊரு. 1998-ல திருவள்ளூர்ல மிட்சுபிஷி லான்சர், 1999-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ஆக்சென்ட், அதே வருஷம் மறைமலை நகர்ல ஃபோர்டு ஐகான். லான்சர் போச்சு. ஃபோர்டு மறைமலை நகர்ல கார் தயாரிப்பை 2022-ல நிறுத்திட்டாங்க. டொயோட்டா யாரிஸ் 2021-ல போச்சு, மாருதி சியாஸ் 2025-ல போச்சு. நாம சொல்லிக்கிற மாதிரி மிச்சம் இருக்குறது சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, விர்ட்டஸ். அதுல ஸ்லாவியாவும் விர்ட்டஸும் 2023 ஏப்ரல்ல குளோபல் என்கேப் மோதல் சோதனையில அஞ்சு நட்சத்திரம், வெர்னா அதே வருஷம் அக்டோபர்ல அஞ்சு. இவ்வளவு நல்ல வண்டிங்களை வச்சுக்கிட்டு "ஆப்ஷனே இல்ல"ன்னு புலம்புறோம். நாம வாங்கலைன்னா அடுத்து நிஜமாவே இல்லாமப் போகும்.

அதனால மக்களே, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடுன்னு எழுதுங்க. டெஸ்ட் டிரைவை ஷோரூம் தெருவுல முடிக்காதீங்க. காலையில எட்டரை மணிக்கு நீங்க தினமும் போற ரோட்ல ஓட்டிப் பாருங்க. வீட்டுக்காரங்களைப் பின் சீட்டுல உக்கார வச்சுக் கேளுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போற கொல்லிமலைக்கு வாடகை வண்டி கிடைக்கும். தினமும் போற ரோட்டுக்குத்தான் சொந்த வண்டி.

டிஸ்கி 1: எந்தக் கார் கம்பெனியும் எனக்குக் காசு குடுக்கலை. குடுத்தா வாங்கிக்க ரெடி :-)

டிஸ்கி 2: "கார் எதுக்கு, ரயில்ல போ"ன்னு வர்றவங்களுக்கு: அம்பத்தூர்ல ஏறி சிறுசேரில இறங்குற மாதிரி ஒரு ரயில் விடுங்க, மறுநாளே சாவியைக் குடுத்துடறேன்.