பாட்டிக்கு வாய் கோணினால் பேரன் என்ன செய்வான்?

பக்கவாதத்திற்கு நம்மவர் வழங்கும் மற்றொரு பெயர் பாரிசவாயு. மலாய்க்காரர் இதனை ‘அங்ஙின் அஹ்மார்’ என்பர். செங்காற்று என்று பொருள். வாதம், வாயு, அங்ஙின் எல்லாம் காற்றையே சுட்டுகின்றன. இப்பெயர்களே நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்கின்றனவோ என்னும் ஐயம் எனக்குண்டு.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு மூதாட்டி. காலையில் பசியாறும்போது கோப்பை கைநழுவியது, பேச்சுக் குழறியது. “காற்றுப் பிடித்திருக்கும்” என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்தனர். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது மாலையாகிவிட்டது. அவருடைய வலக்கை இன்றும் எழவில்லை.

மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது இந்நோய். பெரும்பாலும் அடைப்பே. அவ்வாறு அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். ஆதலால், அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 999-ஐ அழைக்க வேண்டும். சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும் அழைக்கவே வேண்டும். நீரோ உணவோ புகட்டலாகாது. ஆஸ்பிரினும் கூடாது, உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அது கேட்டை மிகுவிக்கும்.

வருமுன் காத்தல் என்றால் முதலில் இரத்தக் கொதிப்பு. 2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் பத்தில் மூவருக்கு அது உண்டு. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் அதனை அறியாதிருந்தனர். இனிப்புநீரும் புகைத்தலும் அடுத்தவை. (பிறருக்குச் சொல்லும் நானும் இவ்வாண்டுதான் அளந்து பார்த்தேன்.)

பாயான் லெப்பாசில் பெற்றோர் இருவரும் தொழிற்சாலைகளில் வேலைநேரம் மாறி மாறிச் செல்லும் குடும்பங்கள் பல. பள்ளி விட்டபின் வீட்டில் இருப்போர் பாட்டியும் பேரனுமே. எனவே நலக்கல்வி வேளையில் இதனைக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. சிறுவரை அச்சுறுத்துவதாகும் என்று சக ஆசிரியர் ஒருவர் தடுத்துரைத்தார். ஆனால், கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி நகரின் மாசிடோனியப் பல்கலைக்கழகத்தார் 5 முதல் 9 வயதுடையோர்க்கே இதனை விளையாட்டாகக் கற்பிக்கும் திட்டத்தை வகுத்துள்ளனர். நம் பிள்ளைகளுக்கு மட்டும் அச்சம் மிகுதியா என்ன?

சென்ற வாரம் என் வகுப்பில், 999-ஐ அழைத்தால் எந்த முகவரியைச் சொல்வீர்கள் என்று வினவினேன். பலருக்குத் தங்கள் வீட்டு எண்ணே தெரியவில்லை. திங்கட்கிழமை அதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.