பாதியில் மூடிய நூல்கள்

1936ஆம் ஆண்டில் இலண்டன் நகரப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் என்பவரிடம் புதிய கதை ஒன்றின் தட்டச்சுப்படி வந்து சேர்ந்தது. சிறுவர்க்கான கதையைச் சிறுவரே மதிப்பிட வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே அதைத் தம் மகன் ரெய்னரிடம் கொடுத்தார். அப்போது ரெய்னருக்கு வயது 10. கதையைப் படித்து முடித்த அவன், அது நன்றாக இருப்பதாகச் சிறு அறிக்கை எழுதிக் கொடுத்து, கூலியாக ஒரு ஷில்லிங் பெற்றான். மறு ஆண்டு அந்நூல் வெளிவந்தது. அதுவே ஜே. ஆர். ஆர். டோல்கியன் எழுதிய ‘தி ஹாபிட்’.

ஒரு சிறுவனின் கருத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. ஆனால் இன்று பல வீடுகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: “முடித்துவிட்டாயா?” முடித்தால் பாராட்டு, பாதியில் விட்டால் கண்டிப்பு. ஏன் விட்டாய் என்று கேட்பவர் அரியர். நூலைப் பாதியில் மூடுவதும் ஒரு கருத்துதான். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான தானியல் பென்னாக், 1992இல் வாசகரின் உரிமைகள் எனப் பத்தினை வகுத்தபோது, நூலை முடிக்காமல் விடும் உரிமையை மூன்றாவதாக வைத்தார். ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்துபவர் காரணத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

புனே நகரில் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் தமிழ் மாணவி ஒருத்தியின் குறிப்பேடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மந்திரமும் மாய உலகமும் கொண்ட கதைகளை மிகுபுனைவு என்பர். அவ்வகை நாவல்களை அவள் ஓராண்டாக விரும்பிப் படித்து வருகிறாள். குறிப்பேட்டில் இரண்டு பகுதிகள் உள்ளன: ‘முடித்தவை’, ‘விட்டவை’. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரியில் காரணம்.

முடித்தவற்றுள் அவள் முதலிடம் தந்திருப்பது, அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ என்னும் நாவலுக்கு. கெட் என்னும் இளைஞன் மந்திரம் கற்கிறான். உடன் பயிலும் ஒருவனிடம் தன் ஆற்றலைக் காட்ட எண்ணி, செருக்கினால் இறந்தோர் உலகின் வாயிலைத் திறக்கிறான். அவ்வழியே வெளிவந்த கரிய நிழல் அவன்மேல் பாய்கிறது. அந்த வாயிலை மூடும் முயற்சியில் தலைமை மந்திரவாதி உயிரையே இழக்கிறார். மந்திரத்திற்கு இங்கே விலை உண்டு. ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவரே அதை ஆள முடியும். “இதில் மந்திரம் எளிதாகக் கிடைப்பதில்லை” என்று மாணவி எழுதியிருப்பது தேர்ந்த திறனாய்வாளர் சொல்லத்தக்க சொல். கெட் செம்பு கலந்த பழுப்பு நிறத்தவன் என்பதையும் அவள் கவனித்திருக்கிறாள். பல பதிப்புகளின் அட்டைகளில் ஓவியர்கள் அவனை வெள்ளை நிறத்தவனாகவே வரைந்தனர். ஆசிரியரே அதைக் கண்டித்திருக்கிறார். அட்டையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

‘தி நெவர் எண்டிங் ஸ்டோரி’யையும் அவள் முடித்திருக்கிறாள். அது மிகாயேல் எண்டே 1979இல் ஜெர்மன் மொழியில் எழுதியது. அவள் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு என்ற எண்ணமே இன்றி அதைச் சுவைத்தாள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, விட்டவை. கிறிஸ்டோபர் பவோலினி தம் 15ஆம் வயதில் எழுதத் தொடங்கிய ‘எராகன்’ அவற்றுள் ஒன்று. சிற்றூர்ச் சிறுவன், முதிய வழிகாட்டி, கொடிய அரசன் என அடுத்து வருவது முன்பே தெரிந்துவிடுகிறது என்பது அவள் கூறும் காரணம். இது நியாயமான தீர்ப்பு. இவ்வகையில் முதல் நூலாக அதைப் படிக்கும் வேறொரு சிறுவன் உறக்கமின்றிப் படிக்கக்கூடும், அதுவும் நியாயமே.

அடுத்தது, டோல்கியனின் ‘தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்’. எல்ராண்டின் இல்லத்தில் அனைவரும் கூடி மோதிரத்தின் வரலாற்றைப் பேசும் நீண்ட அத்தியாயத்தில் அவள் நூலை மூடிவிட்டாள். “மெதுவாகச் செல்கிறது” என்பது குறிப்பு. உண்மைதான், அந்த அத்தியாயத்தில் பெரும்பாலும் பேச்சே உள்ளது. ஆயினும் ‘ஹாபிட்’ போல இது சிறுவருக்கென எழுதப்பட்டதன்று. இந்நூலைக் குறை கூறவும் வேண்டாம். அவளைக் குறை கூறவும் வேண்டாம். இரண்டு ஆண்டு கழித்து அதே அத்தியாயம் அவளுக்கு வேறாகத் தோன்றலாம்.

‘விட்டவை’ பகுதியின் கடைசிப் பெயர்தான் சிந்திக்க வைக்கிறது. ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல், தமிழ் மொழிபெயர்ப்பு. நின்ற இடம் 11ஆம் பக்கம். காரணம், டோல்கியனுக்கு எழுதிய அதே சொற்கள்: “மெதுவாகச் செல்கிறது.”

இந்தத் தீர்ப்பு செல்லாது. இதே கதையை அவள் ஆங்கிலத்தில் மூன்றே நாளில் முடித்தவள். தெருவில் பூனை ஒன்று வரைபடம் படிக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தவள். கதை மாறவில்லை. மொழிபெயர்ப்பு என்பதால் சுவைக்கவில்லை என்றால், ஜெர்மானியக் கதை எப்படிச் சுவைத்தது? மெதுவாகச் சென்றது கதை அன்று, அவளுடைய கண். பூனையை அடைவதற்குள், அதைப் பார்ப்பவர் யார் என்பதே மறந்துவிடும் அளவுக்கு எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள்.

இது அவள் ஒருத்தியின் நிலை அன்று. தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகள் வீட்டில் “வந்துகிட்டு இருந்தாங்க” என்று கேட்டு வளர்கின்றனர். நூலிலோ அது “வந்துகொண்டிருந்தார்கள்” என்று நிற்கிறது. ஆங்கிலத்தில் மூன்று சிறு சொற்களாக வருவது, தமிழில் 12 எழுத்துகள் கொண்ட ஒரே சொல். பழகிய கண் அதை ஒரே பார்வையில் கடந்துவிடும். பழகாத கண் அதை ஏணிப்படி போல ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஒரு பக்கத்தில் இத்தகைய ஏணிகள் பல. அந்தக் களைப்பைக் கதையின் குறையாக எண்ணுவது எளிது. “தமிழ் நூல்கள் சுவையற்றவை” என்று அடுத்து முடிவு செய்வது அதனினும் எளிது. ஒருமுறை அப்படி முடிவு செய்த பிள்ளை, பிறகு வேறு தமிழ் நூலைக் கையில் எடுப்பதில்லை. பெரியோர் பலர் இதைக் கண்டு, தாய்மொழி அழிந்துவிடும் என்று அச்சுறுத்துகின்றனர். அச்சத்தால் 12ஆம் பக்கம் புரளாது.

காது அறிந்த மொழி இது. ஆகவே கண்ணுக்குக் காது துணை செய்யலாம். ஒரு நாளைக்கு அரைப் பக்கம், வாய்விட்டுப் படித்தால் போதும். நீண்ட சொல் ஒலியாக மாறும்போது பழகிய சொல்லாகிவிடும். முன்பே தெரிந்த கதை என்பது இங்கே குறை அன்று, பெரும் உதவி. பொருள் தெரியாத சொல்லைக் கதையே சொல்லிக் கொடுக்கும். நீண்ட நாவலுக்குத் துணிவு வராதவருக்குச் சிறிய கதைகள் உண்டு. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழில் நெடுங்காலம் வந்த விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகள் சில பக்கங்களில் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரியும்வரை நூலை மூட மனம் வராது. அவற்றையும் ஒருவர் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்று விடலாம். அந்த உரிமை தமிழ் நூலுக்கு மட்டும் இல்லாமற் போவதில்லை.

புனே மாணவியின் குறிப்பேட்டில் தமிழ் ஹாரி பாட்டர் இன்னும் ‘விட்டவை’ பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் “மெதுவாகச் செல்கிறது” என்ற சொற்கள் அடிக்கப்பட்டு, அதன் கீழே “மெதுவாகப் படிக்கிறேன்” என்று எழுதப்பட்டுள்ளது. பக்க எண் 11 என்பது 19 ஆகியிருக்கிறது.